டிவி காமெடி மேஜிக்: ஐந்து நிமிட ஐட்டம் ஒன்றை எழுதுவது முதல் ஒளிபரப்பு வரை

கல்யாண மண்டபத்திலும் கோயில் திருவிழாவிலும் காமெடி மேஜிக் செய்பவருக்குச் சிரிப்புதான் திரை. கூட்டம் சிரிக்கும் இரண்டு விநாடியில் தலை பின்னால் சாயும், கண் சுருங்கும், பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்க்கத் தோன்றும். கை அந்த நேரத்தில் தன் வேலையை முடித்துவிடும். டிவியில் இந்த வசதி பாதிதான் கிடைக்கிறது. அரங்கில் உட்கார்ந்திருப்பவர் சிரிப்பார், கேமரா சிரிக்காது. நம் ஊர் ஒளிபரப்பு விநாடிக்கு 25 ஃப்ரேம் கணக்கில் ஓடுகிறது. கால் விநாடிக்கும் குறைவாக முடியும் கைவேலைகூட ஐந்து ஃப்ரேமில் பதிவாகும். பிறகு அதே காட்சியை யூடியூபில் நிறுத்தி நிறுத்திப் பார்க்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

அதனால் டிவிக்கு ஐட்டம் தயாரிக்கும்போது ஒவ்வொரு சிரிப்புக்கும் நேராக "இந்த நேரத்தில் எந்த ஷாட்?" என்று எழுதியாக வேண்டும். வித்தை நன்றாக வரும், ஜோக்கும் நன்றாக வரும், ஆனாலும் ஒளிபரப்பில் சொதப்பும் ஐட்டங்களில் பெரும்பாலானவை இங்கேதான் கோட்டை விடுகின்றன. கீழே ஒரே ஒரு மாதிரி ஐட்டத்தை எடுத்துக்கொண்டு ஆரம்பத்திலிருந்து போவோம். ஆள்: நாட்டாமை. பொருள்: ஒரு சொம்பு, மூன்று கயிறு. நேரம்: ஐந்து நிமிடம்.

படி 1: வித்தைக்கு முன்னால் ஆளை முடிவு செய்யுங்கள்

கோட்டு சூட்டு போட்டு, தொப்பியிலிருந்து முயல் எடுக்கும் ஆளாக வந்தால் பார்ப்பவருக்கு உங்களைப் பற்றித் தெரிய ஒன்றுமில்லை. முதல் ஒரு நிமிடம் அறிமுகத்திலேயே போய்விடும். நாட்டாமை, பஸ் கண்டக்டர், ஜோசியர், ரேஷன் கடைக்காரர் மாதிரி ஓர் ஆளாக வந்தால், அவர் எப்படிப் பேசுவார், எதற்குக் கோபப்படுவார், எங்கே காசு அடிப்பார் என்பதெல்லாம் சனத்துக்கு முன்பே தெரியும். நீங்கள் வாய் திறப்பதற்குள் பாதிச் சிரிப்பு வந்துவிடும்.

பிரிட்டனின் டாமி கூப்பர் வித்தை தெரியாத வித்தைக்காரராகவே டிவியில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். சிவப்புத் துருக்கிக் குல்லாவும், கையில் இருப்பதெல்லாம் கீழே விழும் தடுமாற்றமும்தான் அவர் அடையாளம். உண்மையில் அவர் மேஜிக் சர்க்கிள் என்ற லண்டன் வித்தைக்காரர் சங்கத்தின் உறுப்பினர், வித்தை சுத்தமாகத் தெரிந்தவர். சரியாகச் செய்யத் தெரிந்த பிறகுதான் தப்பாகச் செய்து சிரிக்கவைக்க முடியும். வித்தை கைவராதவர் இந்தப் பாணியைத் தொட்டால் அது உண்மையான சொதப்பலாகத்தான் தெரியும்.

நாட்டாமை வேடத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. சாதிப் பெயர், பட்டப்பெயர், குறிப்பிட்ட ஊர்ப்பெயர் எதையும் வாயில் எடுக்காதீர்கள். மூன்று அண்ணன் தம்பிகளுக்குப் "பெரியவன், நடுவன், சின்னவன்" என்பதற்கு மேல் பெயர் வேண்டாம். மீசையும் சொம்பும் ஆலமரமும் போதும், யாரைக் கேலி செய்கிறோம் என்ற கேள்வியே எழாது. சேனலின் சட்டப் பிரிவும் இதைத்தான் முதலில் பார்க்கும்.

படி 2: வித்தையைக் கதைக்குள் புதையுங்கள்

மாதிரி ஐட்டத்தின் முதுகெலும்பு, உலகெங்கும் வித்தைக்காரர்கள் செய்யும் மூன்று கயிறு வித்தை. நீளம் வேறுபட்ட மூன்று கயிறு ஒரே நீளமாகும், மறுபடி பழையபடி ஆகும். மேடையில் இதைச் "சின்னது, நடுத்தரம், பெரிசு" என்று காட்டிச் செய்தால் புதிர்தான் கிடைக்கும், சிரிப்பு கிடைக்காது. அதையே பாகப்பிரிவினை ஆக்கிவிட்டால் மூன்று கயிறும் மூன்று பங்கு நிலம்.

"பெரியவனுக்கு இம்புட்டு. நடுவனுக்கு இம்புட்டு. சின்னவனுக்கு... ஏன்டா சின்னவனுக்கு மட்டும் இம்மாம் நீளம்?"
"அவன்தானுங்கய்யா உங்க மாப்ள."

மூன்றும் சமமாகும் இடம் தீர்ப்பு. மறுபடி ஏறுமாறாகும் இடம்: "பத்திரச் செலவு போக மிச்சம் இவ்ளோதான்." இப்போது வித்தை எங்கே நடக்கிறதோ அங்கேயே கதையும் திரும்புகிறது. ஜோக் தனியாக, வித்தை தனியாக நின்றால் எடிட்டர் இரண்டில் ஒன்றை வெட்டிவிடுவார். இரண்டும் பின்னிக் கிடந்தால் வெட்ட இடம் கிடைக்காது.

சொம்பு நடுநடுவே திரும்பத் திரும்ப வரும் ஜோக். கவிழ்த்துக் காலி செய்த சொம்பை மீண்டும் எடுத்தால் மீண்டும் தண்ணீர். நம் நாட்டுப் பழைய வித்தை இது. வித்தைக்காரர் மூத்த பி.சி. சர்க்கார் "வாட்டர் ஆஃப் இந்தியா" என்று அறிவித்து, பெரிய ஐட்டங்களுக்கு இடையே வந்து வந்து ஊற்றிவிட்டுப் போவார். ஒரே செயல் திரும்பத் திரும்ப வந்தால் சிரிப்பு தானாகக் கூடும். நாட்டாமை கையில் சொம்பு இருப்பதை யாரும் வித்தைப் பொருளாகவும் பார்க்க மாட்டார்கள்.

படி 3: பொருட்கள், அளவுகள், கோளாறுகள்

சொம்பு

இரட்டைச் சுவர் கொண்ட பாத்திரம். வெளியே தெரியும் வயிற்றுக்குள் ஒரு குழாய் போன்ற உள்கிணறு. இரண்டையும் அடியில் ஒரு சிறு துளை இணைக்கும். கழுத்துப் பகுதியில், கட்டைவிரல் இயல்பாகப் படும் இடத்தில், வெளிச் சுவரில் ஒரு காற்றுத் துளை. அதை விரலால் மூடிக் கவிழ்த்தால் உள்கிணற்றுத் தண்ணீர் மட்டும் கொட்டும்; காற்று புக வழியில்லாததால் வெளி அறையிலுள்ள தண்ணீர் அப்படியே நிற்கும். நிமிர்த்தி விரலை எடுத்தால் இரண்டு பக்கமும் மட்டம் சமமாகும்வரை உள்கிணறு நிரம்பும். பள்ளி அறிவியல் பாடம்தான் என்பதால் இதை எழுதுவதில் தொழில் ரகசியம் எதுவும் உடைவதில்லை.

எழுதுபவர்கள் கவனிக்கத் தவறுவது இதை: ஒவ்வொரு முறையும் ஊற்றும் அளவு குறைந்துகொண்டே போகும். மொத்தம் 500 மில்லி பிடிக்கிற சொம்பில் உள்கிணற்றின் பரப்பு மொத்தப் பரப்பில் கால் பங்கு என்று வையுங்கள். முதலில் 125 மில்லி கொட்டும். மீதம் 375, அதில் கால் பங்கு 94. அடுத்து 70. நான்காவது முறை 53 மில்லிதான். சிரிப்போ கூடிக்கொண்டே போக வேண்டும், தண்ணீரோ குறைந்துகொண்டே வருகிறது.

இதற்கு மருந்து, ஊற்றும் பாத்திரத்தில் இருக்கிறது. முதல் முறை அகலமான பித்தளைத் தட்டில் ஊற்றுங்கள். எவ்வளவு விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. இரண்டாவது முறை டம்ளர். மூன்றாவது முறை ஒடுக்கமான உயரக் கிளாஸ். கடைசிக்கு 40 மில்லி பிடிக்கிற குட்டி கிளாஸை நிகழ்ச்சியின் நடுவர் ஒருவர் கையில் கொடுத்து ஊற்றுங்கள். 53 மில்லி அதில் நிரம்பி வழியும். வழிவதைக் கண் எப்போதும் "நிறைய" என்றுதான் கணக்கு வைக்கும். கீழே ஒரு தட்டு இருக்கட்டும்.

மீண்டும் நிரம்பும் நேரத்தைக் கைக்கடிகாரம் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் சொம்பு 30 விநாடி எடுத்தால், வசனத்தில் இரண்டு ஊற்றலுக்கு இடையே குறைந்தது 40 விநாடி விடுங்கள். அவசரத்தில் சீக்கிரம் எடுத்தால் நாலு சொட்டுதான் விழும்.

தண்ணீர் தவிர வேறெதுவும் ஊற்ற வேண்டாம். மோரும் ரோஸ்மில்க்கும் அடித்துளையை அடைத்துவிடும். போர்வெல் தண்ணீரின் உப்பும் நாளாவட்டத்தில் அடைக்கும். புளி கரைத்த நீரில் ஊறவைத்து, மெல்லிய ஊசியால் குத்திச் சரி செய்யலாம். ஃப்ரிட்ஜ் தண்ணீர் ஊற்றினால் சொம்பின் வெளிப்புறம் வேர்க்கும்: காலி சொம்பு வயிறு முழுக்க வேர்த்திருப்பதை க்ளோசப் காட்டிக்கொடுத்துவிடும். கடைகளில் கிடைக்கும் மேஜிக் சொம்பு பெரும்பாலும் சிறியது, பளபளப்பு அதிகம். பித்தளைப் பாத்திர வேலை தெரிந்தவரிடம் உள்கிணறு வைத்துச் செய்துகொள்வது மேல். செட் விளக்குகள் பித்தளையில் வெள்ளைப் புள்ளியாகச் சுடும் என்பதால் முதல் நாள் தேய்க்காமல் கொஞ்சம் மங்கலாகவே எடுத்துப் போங்கள்.

கயிறு

8 முதல் 10 மி.மீ. தடிமனுள்ள பின்னல் பருத்திக் கயிறு, உள் திரி உருவியது. திரி இருந்தால் மடிக்கும் இடம் விறைத்து நிற்கும், கைக்குள் அடங்காது. நீளம்: சின்னது 30 செ.மீ., பெரியது 100 செ.மீ. நடுவானது இவ்விரண்டின் சராசரி, 65 செ.மீ. வர வேண்டும், கைக்குள் போகும் மடிப்பு ஓரிரு செ.மீ. விழுங்கிவிடும் என்பதால் 64க்கு வெட்டி, செய்து பார்த்துக் கத்தரியுங்கள். நுனிகள் பிரியாமலிருக்க ஃபெவிகாலில் தோய்த்து ஒரு நாள் காயவிடுங்கள். புதுக் கயிற்றைவிட இரண்டு வாரம் பயிற்சியில் புழங்கிய கயிறு நன்றாகத் தொங்கும். அதே நேரம், புழங்கப் புழங்கக் கயிறு நீளும்: படப்பிடிப்புக்கு முந்தைய நாள் மூன்றையும் மறுபடி அளக்க வேண்டும்.

மேஜிக் கடையில் வெள்ளைக் கயிறுதான் தருவார்கள். நாட்டாமையோ வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. வெள்ளையில் வெள்ளை டிவியில் காணாமல் போகும். கயிற்றைக் குங்குமச் சிவப்பில் சாயம் போடுங்கள், மூன்றையும் ஒரே பாத்திரத்தில், ஒரே நேரத்தில். தனித்தனியாகப் போட்டால் நிறம் ஒரு நூல் வேறுபடும். அந்த வேறுபாட்டைக் கண் பார்க்காது, கேமரா பார்க்கும்.

உடை

பளீர் வெள்ளைச் சட்டை முகத்தை இருட்டாக்கிவிடும். சந்தன நிறமோ, வெளிர் மஞ்சளோ எடுங்கள். திரையில் அது வெள்ளையாகவே தெரியும். மெல்லிய கோடு போட்ட சட்டை படத்தில் நெளியும். பச்சைத் திரை போடும் செட்டாக இருந்தால் துண்டு, கரை எதிலும் அந்தப் பச்சை கூடாது.

வேட்டியில் பாக்கெட் இல்லை என்பது வித்தைக்காரருக்குப் பெரிய இழப்பு. வேட்டிக்கு மேல் கட்டும் பை வைத்த அகல பெல்ட் அதை ஈடு செய்யும், வேடத்துக்கும் பொருந்தும். முன் பக்கப் பை உங்களுக்கு. பின்னிடுப்பு காலர் மைக்கின் டிரான்ஸ்மிட்டருக்கு. இதை முன்பே யோசிக்காதவர்களுக்கு, ஏறுவதற்கு ஐந்து நிமிடம் முன்பு ஒலிப்பதிவாளர் வந்து, வித்தைப் பொருள் ஒளித்துவைத்த இடத்திலேயே மைக் பெட்டியைச் செருகும் அனுபவம் வாய்க்கும்.

படி 4: வசனத்தை நேரத்தோடு எழுதுங்கள்

ஐந்து நிமிட ஸ்லாட்டுக்கு ஐந்து நிமிட வசனம் எழுதக் கூடாது. வீட்டில் சிரிப்பில்லாமல் சொல்லிப் பார்த்தால் மூன்றரை நிமிடத்தில் முடிய வேண்டும். மீதியைச் சிரிப்பும் கைதட்டலும் மேடைக்கு வரும் விருந்தினரின் தயக்கமும் சாப்பிட்டுவிடும்.

0:00 – 0:25 நுழைவு. சொம்பில் வாய் கொப்பளித்துத் தட்டில் கவிழ்த்துக் காலி செய்கிறார். முதல் ஊற்றல். இங்கே ஜோக்கே வேண்டாம், வெறும் செயல்.
0:25 – 1:20 வழக்கு. மூன்று கயிறு. "உங்க மாப்ள."
1:20 – 1:35 தொண்டை வறள்கிறது, காலி சொம்பை எடுக்கிறார். இரண்டாவது ஊற்றல். நாட்டாமையே திடுக்கிட்டுச் சொம்பைப் பார்க்க வேண்டும். பார்ப்பவருக்கு முன்னால் அவர் ஆச்சரியப்பட்டால்தான் இது வித்தை என்பது பதியும்.
1:35 – 3:00 நடுவர் ஒருவரைச் சாட்சியாக அழைத்து நுனியைப் பிடிக்கச் சொல்கிறார். மூன்றும் சமம்.
3:00 – 3:15 மூன்றாவது ஊற்றல். இம்முறை அவர் ஆச்சரியப்படுவதில்லை, எரிச்சல்.
3:15 – 4:20 பத்திரச் செலவு. பங்குகள் பழையபடி ஏறுமாறு.
4:20 – 5:00 சாட்சிக்குக் கூலி: குட்டி கிளாஸ், வழியும் தண்ணீர். வெளியேற்றம்.

முதல் முப்பது விநாடிக்குள் ஒரு சிரிப்பு, முதல் ஒன்றரை நிமிடத்துக்குள் ஒரு வித்தை. வீட்டில் ரிமோட்டோடு உட்கார்ந்திருப்பவர் இதற்கு மேல் பொறுக்க மாட்டார்.

நேரம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு உலகப் புகழ்பெற்ற சான்று நம் பி.சி. சர்க்கார்தான். 1956 ஏப்ரல் 9 அன்று பிபிசியின் பனோரமா நேரடி நிகழ்ச்சியில் ரம்பத்தால் உதவியாளரை இரண்டாக அறுத்தார். அவரை எழுப்பிக் காட்டுவதற்கு முன் நிகழ்ச்சி முடிந்துவிட்டது. பெண் செத்துவிட்டாரா என்று கேட்டு பிபிசிக்குத் தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. சர்க்காருக்கு அது மாபெரும் விளம்பரமானது. உங்கள் காமெடி ஐட்டம் அப்படி அறுபட்டால் விளம்பரம் எதுவும் கிடைக்காது, முடிவுச் சிரிப்பு போனதுதான் மிச்சம். ஆகவே நடுவில் எங்கே 30 விநாடி கழற்றலாம் என்பதை முன்பே குறித்து வையுங்கள். மேலே உள்ள ஐட்டத்தில் மூன்றாவது ஊற்றலைக் கழற்றலாம், கதை தடுமாறாது. கழற்றினால் கடைசி ஊற்றல் 53க்குப் பதில் 70 மில்லியாக வரும் என்பதும் நினைவிருக்கட்டும். தட்டு பெரிதாக வேண்டும்.

படி 5: ஷாட் பட்டியல்

இந்தப் படியைத்தான் பெரும்பாலானவர்கள் செய்வதே இல்லை. தமிழ் காமெடி மேடைகள் மிமிக்ரிக்கும் ஸ்டாண்டப்புக்கும் ஸ்கிட்டுக்கும் அமைந்தவை. கேமராமேன் பழக்கம் முகத்தைத் தொடர்வது. பன்ச் விழுந்ததும் நடுவர் சிரிப்புக்குத் தாவுவது. மேஜிக்கில் இந்த இரண்டு பழக்கமுமே ஆபத்து. கயிறு சமமாகும் நொடியில் திரையில் நடுவர் முகம் இருந்தால் வித்தை வீட்டைச் சென்று சேரவில்லை. அதைவிட மோசம்: நடுவர் முகத்துக்குப் போய்த் திரும்பும்போது கயிறு மாறியிருந்தால், "எடிட்டிங்கில் மாத்திட்டாங்க" என்று சொல்லிவிடுவார்கள். நீங்கள் உழைத்து வளர்த்த கைவேலைக்கு எடிட்டர் பெயர் வாங்கிக்கொள்வார்.

அமெரிக்காவில் 1960இல் சிபிஎஸ் சேனலில் வாராந்திர மேஜிக் நிகழ்ச்சி தொடங்கிய மார்க் வில்சன், கேமராத் தந்திரம் கிடையாது, அரங்கில் உண்மையான பார்வையாளர் உண்டு என்பதை விதியாகவே வைத்துக்கொண்டார். இன்றும் அதுதான் சரியான வழி. வித்தை நடக்கும் பகுதிகளை "வெட்டக் கூடாது" என்று சிவப்பில் குறித்துக் கொடுங்கள்.

ஒரே பக்கத்தில், இயக்குநருக்குப் புரியும் மொழியில் எழுதுங்கள். "1:20, சொம்பை எடுக்கிறார்: மிட் ஷாட், இடுப்பு முதல் தலைவரை, சொம்பும் முகமும் ஒரே ஃப்ரேமில். ஊற்றி முடித்து இரண்டு விநாடி கழித்து நடுவர் ரியாக்ஷன்." "1:50, கயிறுகளை ஒன்று சேர்க்கிறார்: வைட் அல்லது மிட் மட்டும், க்ளோசப் வேண்டாம்." "2:40, மூன்றும் சமம்: மிட் ஷாட், மூன்று விநாடி அசையாமல்." ரகசியம் எதையும் எழுதத் தேவையில்லை, எங்கே எதைப் பார்க்க வேண்டும் என்பது மட்டும்.

க்ளோசப் வேண்டாம் என்று எழுதினால் இயக்குநர் அங்கேதான் ஆர்வமாவார், அது மனித இயல்பு. அதனால் அந்த நேரத்தில் வேறொரு நல்ல ஷாட்டைக் காட்டிக் கொடுங்கள்: நாட்டாமை மீசையை முறுக்கி நடுவரைப் பார்க்கும் முகம். அவருக்கும் ஷாட் கிடைத்தது, உங்களுக்கும் கை ஒளிந்தது. ஆனால் சொம்பை மட்டும் இப்படி விட முடியாது, அதில் தண்ணீரும் முகமும் சேர்ந்துதான் ஜோக்.

கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய கேமராக்கள் மூன்று. நீளக் கிரேனில் தொங்கும் ஜிம்மி ஜிப் கேமரா மேலிருந்து பார்க்கும்: சொம்பின் வாய்க்குள்ளும் மேஜைத் தட்டுக்குள்ளும் அதற்குத் தெரியும். பக்கவாட்டுக் கேமரா உள்ளங்கைக்குப் பின்னால் இருப்பதைக் காணும். மூன்றாவது, உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து அரங்கைக் காட்டும் கேமரா. பின்னிடுப்பில் எது இருந்தாலும் அது காட்டிவிடும். ஐட்டம் முடியும்வரை அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று எழுத்திலேயே கேளுங்கள்.

செட்டிலும் துரோகிகள் உண்டு. பளபளக்கும் கண்ணாடித் தரை மேஜைக்கு அடியில் இருப்பதைத் தலைகீழாகக் காட்டும். பின்னால் இருக்கும் எல்இடி சுவர் மெல்லிய துணியை ஊடுருவி, உள்ளே இருப்பதை நிழலாக்கும். ஒத்திகைக்குப் போனதும் முதல் வேலையாக, உங்கள் இடத்தில் வேறொருவரை நிற்கவைத்து மானிட்டரில் பாருங்கள்.

படி 6: வீட்டிலேயே கேமரா ஒத்திகை

மூன்று செல்போன் போதும். ஒன்று நேர் எதிரே மார்பு உயரத்தில், இரண்டு 45 டிகிரியில் இடமும் வலமும். இன்னொரு சுற்றில் ஒன்றை மேலே, மின்விசிறிக்குப் பக்கத்தில் கட்டுங்கள். வெட்டாமல் முழு ஐட்டத்தையும் எடுத்து, முதலில் சத்தமில்லாமல் பாருங்கள்: கதை புரிகிறதா? பிறகு படத்தைப் பார்க்காமல் சத்தத்தை மட்டும் கேளுங்கள்: ஜோக் நிற்கிறதா? கடைசியாகப் பாதி வேகத்தில் கையை மட்டும் பாருங்கள்.

பாதி வேகத்தில் தப்பு பெரும்பாலும் விரலில் தெரியாது, கண்ணில் தெரியும். ரகசிய வேலை நடக்கும்போது வித்தைக்காரர் தன் கையையே பார்த்துவிடுவார், அல்லது வசனம் ஒரு கணம் நிற்கும், அல்லது இமை படபடக்கும். திருத்துவதற்கு வழி, அந்த இடத்தில் எதிராளியிடம் ஒரு கேள்வி கேட்கும் வசனத்தை வைப்பது. கேள்வி கேட்பவர் பதில் சொல்பவர் முகத்தைத்தான் பார்ப்பார். கேமராவும் பார்வையாளரும் அதையே பின்தொடர்வார்கள். "நீங்க சொல்லுங்கம்மா, இது நியாயமா?" என்று நடுவரைக் கேட்கும் இடத்தில்தான் கயிறு கைக்குள் சேர வேண்டும்.

மேஜிக் தெரிந்த நண்பரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடுங்கள். அவர் கையைப் பார்ப்பார், சிரிக்க மாட்டார். முதலில் தெரியாதவர்களிடம் காட்டி, எங்கே சிரித்தார்கள், எங்கே மௌனமானார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

படி 7: தேர்வு வீடியோ

90 விநாடி, கிடைமட்டமாகப் பிடித்த போன், ஒரே டேக். சினிமாப் பாட்டு பின்னணியில் வேண்டாம். முகமும் குரலும் தெளிவாக இருக்க வேண்டும். முழு ஐட்டத்தையும் சுருக்காதீர்கள். "உங்க மாப்ள" முதல் இரண்டாவது ஊற்றல் வரையான பகுதியை மட்டும் அனுப்பினால் ஆள், ஜோக், வித்தை மூன்றும் அதில் வந்துவிடும். கூடவே ஒரு பக்கத்தில் ஐட்டச் சுருக்கம், பொருள் பட்டியல், மேடையில் தேவைப்படுவது (ஒரு மேஜை, ஒரு நாற்காலி, தரையில் ரப்பர் விரிப்பு). இன்னும் இரண்டு ஐட்டத்தின் தலைப்பையும் இரண்டு வரியையும் சேர்த்தால் தயாரிப்புக் குழு உங்களை ஒருநாள் ஆளாகப் பார்க்காது. போட்டி நிகழ்ச்சிக்குப் போகிறவர் குறைந்தது நான்கு ஐட்டமாவது கையில் இல்லாமல் கிளம்பக் கூடாது. மேடையில் பத்து வருடம் ஓடும் ஐட்டத்தை டிவி ஒரே இரவில் தின்றுவிடும்.

படி 8: எதெல்லாம் வேண்டாம், ஏன்

தீ: ஃப்ளாஷ் பேப்பர் (நொடியில் எரிந்து மறையும் தாள்) உட்பட எல்லாவற்றுக்கும் ஸ்டுடியோவில் தனி அனுமதி கேட்பார்கள். காமெடிக்கு அது தேவையும் இல்லை.

உயிருள்ள விலங்கு, பறவை: பதிவும் அனுமதியும் இல்லாமல் முடியாது. பச்சைக்கிளி போன்றவை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. ஸ்பிரிங் வைத்த பொம்மை முயல் உண்மை முயலைவிட நன்றாகவே சிரிக்கவைக்கும்.

ரூபாய் நோட்டு: உண்மையான நோட்டைக் கிழிப்பதும் எரிப்பதும் ஒளிபரப்பில் வம்பு. அச்சு அசலாக அடித்த போலி நோட்டு அதைவிடப் பெரிய வம்பு. கிழித்து ஒட்டும் வித்தைக்குக் கல்யாணப் பத்திரிகை நல்ல மாற்று: ஒட்டி விரிக்கும்போது மாப்பிள்ளை பெயர் மாறியிருந்தால் அதுவே தனி ஐட்டம்.

அமானுஷ்யம்: மூடநம்பிக்கையைத் தூண்டும் நிகழ்ச்சி கேபிள் டிவி விதிகளில் தடை செய்யப்பட்டது. காமெடி மேஜிக்குக்கு இது தடையே இல்லை. ஜோசியர் வேடம் போடுங்கள், ஆனால் சிரிப்பு ஜோசியர் மேல் விழட்டும்.

உருவக் கேலி, நிறக் கேலி, மனைவியை மட்டம் தட்டும் ஜோக்: அரங்கில் சிரிப்பு வரலாம், கிளிப்பாக ஓடும்போது திரும்பி வந்து கடிக்கும். மேடைக்கு அழைத்தவரைக் கேலி செய்வதும் அப்படியே. சாட்சியாக வருபவர் எப்போதும் ஜெயிக்க வேண்டும், முட்டாளாவது நாட்டாமைதான்.

படி 9: படப்பிடிப்பு நாள்

சொல்லும் நேரத்துக்கும் ஏறும் நேரத்துக்கும் இடையே ஏழெட்டு மணி நேரம் போவது சாதாரணம். சொம்பை ஏறுவதற்குப் பதினைந்து நிமிடம் முன்புதான் நிரப்ப வேண்டும். நிரப்பியபின் காற்றுத் துளைக்கு ஒரு சிறு டேப் ஒட்டி, நுழையும்போது உரித்துவிடுங்கள். உரிக்க மறந்தால் இரண்டாவது ஊற்றலில் ஒன்றும் வராது. மறக்காமலிருக்க டேப்பின் நுனியை நீளமாகத் தொங்கவிடுங்கள்.

பொருட்களை மேஜையில் பரப்பி வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். செட்டில் எல்லோருக்கும் கை நீளும். சொம்பைத் தூக்கி ஆட்டிப் பார்க்காத மனிதர் கிடையாது. பூட்டுள்ள பெட்டி, இரட்டைக் கயிறு செட், இன்னொரு சொம்பு. மேடைக்குப் பின்னால் எடுக்கும் செல்போன் வீடியோக்கள் நீங்கள் பொருட்களைத் தயார் செய்வதைக் காட்டக் கூடாது என்று தயாரிப்பு மேலாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

காலர் மைக்கை ஒலிப்பதிவாளர் பொருத்தும்போது, கயிறு மார்பின் எந்தப் பக்கம் உரசும் என்று காட்டுங்கள். அவர் மறுபக்கம் குத்துவார். துண்டு மைக்கின் மேல் விழுந்தால் உங்கள் பன்ச் வசனம் "கரகர" என்றுதான் ஒளிபரப்பாகும்.

சாட்சியாக வரப்போகும் நடுவரிடம், செட்டில் எல்லோரையும் ஒருங்கிணைக்கும் ஃப்ளோர் மேனேஜர் வழியாக முன்பே சம்மதம் வாங்குங்கள். வித்தையைச் சொல்ல வேண்டாம். கையில் தண்ணீர் வழியும் என்பதை மட்டும் சொல்லிவிட வேண்டும். பட்டுப் புடவையில் வந்திருப்பவருக்கு அது பெரிய விஷயம். தரையில் கேபிளும் எல்இடியும் இருந்தால் ரப்பர் விரிப்பும் தட்டுக்குள் ஸ்பாஞ்சும் இல்லாமல் ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள்.

இன்னொன்று, எந்தக் காமெடி மேஜிக்காரரும் தவிர்க்கக் கூடாதது. ஃப்ளோர் மேனேஜரோடு ஒரு அபாயச் சொல் பேசி வையுங்கள். வசனத்தில் எங்குமே வராத, ஆளோடு ஒட்டாத சொல்லாக இருக்க வேண்டும். 1984 ஏப்ரல் 15 அன்று லண்டன் ஹெர் மெஜஸ்டிஸ் தியேட்டரில் நேரடி ஒளிபரப்பின் நடுவே டாமி கூப்பர் மாரடைப்பில் சரிந்தபோது, அரங்கம் அதையும் அவருடைய தடுமாற்ற வித்தை என்று நினைத்துச் சிரித்தது. தவறுவதையே தொழிலாக வைத்திருப்பவருக்கு உண்மையில் ஏதாவது நேர்ந்தால் யாரும் நம்ப மாட்டார்கள். கை கிழிந்தாலும், மின்சாரம் உதறினாலும், தலை சுற்றினாலும் அந்தச் சொல் ஒன்றுதான் கேமராவை நிறுத்தும்.

மேடையில் வித்தை உண்மையிலேயே தவறினால்? நாட்டாமை வேடம் உங்களைக் காப்பாற்றும். கயிறு கைக்குள் சரியாகச் சேரவில்லையா, "வழக்கை அடுத்த வாய்தாவுக்குத் தள்ளி வைக்கிறேன்" என்று சொல்லி, சொம்பை எடுங்கள். இப்படி மூன்று தப்பிக்கும் வசனம் எழுதி மனப்பாடமாக இருக்க வேண்டும், மூன்றும் சொம்பை நோக்கியே போக வேண்டும். ரீடேக் கேட்கலாம், ஆனால் சாட்சியின் ஆச்சரியம் இரண்டாம் முறை வராது. அதனால் கயிறு சமமாவதற்கு முன் தவறினால் கேளுங்கள், பின்னால் தவறினால் ஓட்டிவிடுங்கள்.

படி 10: ஒப்பந்தமும் அதற்குப் பிறகும்

கையெழுத்துப் போடுமுன் நான்கு கேள்வி. மறுஒளிபரப்புக்கும் யூடியூபுக்கும் தனித் தொகை உண்டா? எத்தனை மாதம் வேறு சேனலில் வரக் கூடாது? உங்கள் கிளிப்பை உங்கள் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாமா? வித்தையின் ரகசியத்தைக் காட்டும் மேக்கிங் வீடியோ போடமாட்டார்கள் என்பது எழுத்தில் இருக்கிறதா? நாலாவதுக்குப் பலர் "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்பார்கள். அந்த ஒரு வரியை எழுதி வாங்கும்வரை பேனாவைத் திறக்காதீர்கள்.

ஒளிபரப்பான மறுநாள் கருத்துப் பகுதியில் யாராவது "சொம்புக்குள்ள இன்னொரு சொம்பு இருக்கு" என்று எழுதியிருப்பார். பதில் எழுத வேண்டாம், நீக்கவும் வேண்டாம். அடுத்த முறை அதே நாட்டாமை சாதாரண எவர்சில்வர் சொம்போடு வரட்டும், அதை நடுவரிடமே நீட்டி உள்ளே கைவிட்டுப் பார்க்கச் சொல்லட்டும். தண்ணீர் இந்த முறை சொம்பிலிருந்து வராது, துண்டைப் பிழிந்தால் வரும். அந்தத் துண்டுக்கு வேண்டிய ஸ்பாஞ்சை இப்போதே வாங்கி, எவ்வளவு பிடிக்கிறது என்று அளக்கத் தொடங்கலாம்.